மனுவை யாரிடம் கொடுப்பது?

தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை காலையில் போயிருப்பவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். வாசலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவர் பையையும் திறந்து, மண்ணெண்ணெய் பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே போனால் மனுவுக்கு ஒரு நம்பர் போட்டு ரசீது தருவார்கள். அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் செருகிக்கொள்வார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வரும், பெரும்பாலும் 'தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று. அந்த உரிய அலுவலர் யாரென்று விசாரித்தால், யார் மீது புகார் எழுதினார்களோ அவரேதான் பல நேரம்.

தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பழக்கம். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு, எப்போதாவது ஸ்டேஷனில் அடித்த விவகாரம். அதனாலோ என்னவோ, மனித உரிமைகளுக்காக உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் படிக்க உட்கார்ந்தாலும் முகவுரையைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்கே என் கண் ஓடுகிறது. பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய்ச் சொல்லலாம்? வாங்குகிறவர் யாருடைய ஆள்? வாங்கியதைக் குற்றம் சாட்டப்பட்டவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாரா? இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் இல்லாத ஒப்பந்தத்தின் மேல், அதில் எவ்வளவு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், எனக்கு மரியாதை வருவதில்லை.

இப்படிப் படித்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1933-ஆம் வருடத்து மனு ஒன்று. எழுதியவர் பெயர் ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம். அரசியல்வாதியோ வக்கீலோ இல்லை. ஜெர்மனியின் மேல் சைலீசியாப் பகுதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். ஹிட்லர் ஜனவரியில் பதவிக்கு வந்தார். ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து விரட்டும் சட்டம் வந்தது. வக்கீல்கள், டாக்டர்கள் பிழைப்புக்கும் ஒவ்வொன்றாகத் தடை வந்தது. அந்தக் காற்றில் பெர்ன்ஹைமின் கடை வேலையும் போயிற்று. ஜெர்மனி முழுக்க இதுதான் நிலைமை, எங்கும் புகார் சொல்ல வழியில்லை. மேல் சைலீசியாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதியை ஜெர்மனியும் போலந்தும் பிரித்துக்கொண்டபோது, 1922-இல் ஜெனிவாவில் 15 வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சிறுபான்மையினரைச் சமமாக நடத்துவோம் என்று இரண்டு நாடுகளும் அதில் ஒப்புக்கொண்டிருந்தன. அதோடு, பாதிக்கப்பட்ட தனி ஆள் நேராக நாடுகளின் சங்கத்தின் (ஐநாவுக்கு முன்பிருந்த உலக அமைப்பு) மன்றத்துக்கு மனுப் போடலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது.

அந்த ஒரு பிரிவை யூத அமைப்புகள் கண்டுபிடித்தன. மனுப்போடத் தகுதியுள்ள ஆளாக பெர்ன்ஹைமும் கிடைத்தார். மே மாதம் மனு ஜெனிவாவுக்குப் போனது. ஜெர்மனியின் பிரதிநிதி அங்கே சொன்ன பதிலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தத்தை நாங்கள் மதிக்கிறோம், மீறல் ஏதாவது நடந்திருந்தால் அது கீழ்மட்ட அதிகாரிகள் தவறாகப் புரிந்துகொண்டு செய்தது என்றார். இந்தப் பதிலை நம் ஊரில் யார்தான் கேட்டதில்லை?

மனு ஜெயித்தது. மேல் சைலீசியாவில் மட்டும் அந்தச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. யூத வக்கீல்களும் டாக்டர்களும் அங்கே தொழிலைத் தொடர்ந்தார்கள். 1935-இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தபோதும் அந்தப் பகுதியை உடனே தொட முடியவில்லை. 1937 ஜூலையில் 15 வருடம் முடிந்தது, ஒப்பந்தம் காலாவதியானது, விட்டுவைத்திருந்த எல்லாச் சட்டங்களும் அங்கேயும் வந்து இறங்கின. நாஜி அரசையே நாலு வருடம் ஒரு மூலையில் தடுத்து நிறுத்தியது ஒரு கடை ஊழியரின் மனு. மனிதநேயத்தில் அந்த ஒப்பந்தம் மற்றவற்றைவிட உயர்ந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. மனுவை வாங்குகிற இடம் பெர்லினுக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அதே ஜெனிவாவில் பத்து வருடத்துக்கு முன் இன்னொருவர் வந்து நின்றார். கனடாவின் இரோகுவா பழங்குடிகளின் தலைவர் டெஸ்காஹே. தங்கள் மண்ணில் தங்கள் ஆட்சியைக் கனடா அழிக்கிறது என்று 1923-இல் மனுவோடு போனார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தும் சபையில் அவரைப் பேச விடவில்லை. பிரிட்டன் தடுத்துவிட்டது. பழங்குடியின் மனுவை வாங்கும் பிரிவு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

அப்புறம் இரண்டாம் உலகப் போர், கோடிக்கணக்கான சாவு, ஐநா. புது அமைப்பு பிறந்ததுமே மனித உரிமை மனுவோடு முதலில் போனவர்களில் இந்தியாவும் ஒன்று, அதுவும் சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-லிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறிய நம் ஆட்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று 1946-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன இந்தியக் குழு அதை ஐநா பொதுச்சபையில் எழுப்பியது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், இது எங்கள் உள்நாட்டு விவகாரம், நீங்கள் தலையிட முடியாது என்றார். ஐநா சாசனத்தின் முகவுரையில் 'அடிப்படை மனித உரிமைகள்' என்பதை எழுதியதில் முக்கியப் பங்கு அதே ஸ்மட்ஸுக்கு உண்டு என்பது வரலாற்றின் குசும்பு. டிசம்பர் 8-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் தாண்டி இந்தியாவின் தீர்மானம் நிறைவேறியது. ஒரு நாடு தன் குடிமக்களை நடத்தும் விதத்தைப் பற்றி வெளியார் கேள்வி கேட்கலாம் என்ற வழக்கம் அங்கிருந்துதான் வேர்விட்டது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு, கொஞ்சம் கீழே வரப்போவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாடுகள் மனுப் போடலாம், சரி. ஆட்கள்? 1947 தொடக்கத்தில் ஐநாவின் மனித உரிமை ஆணையம் முதன்முறையாகக் கூடியபோது, உலகம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஆணையம் எடுத்த முடிவு: மனித உரிமை பற்றிய புகார்கள் எதன் மீதும் நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த வருடம் ஆகஸ்டில் இது முறைப்படி தீர்மானமாகவே ஆகிவிட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலையை ஆதாரங்களோடு தொகுத்து, கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அவர்கள் உரிமைக்கான சங்கத்தின் சார்பில் அக்டோபரில் கொண்டுவந்து கொடுத்த நீண்ட மனுவும் அந்தச் சுவரில்தான் முட்டியது. ஆணையத்தின் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட், அந்த மனுவைக் கொடுத்த சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்தவர். அவராலும் ஒன்றும் ஆகவில்லை. தன் நாட்டு அரசின் பிரதிநிதியாக அல்லவா அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஐநா செயலகத்தில் மனித உரிமைப் பிரிவை நடத்திய ஜான் ஹம்ஃப்ரி, கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை, இதுவரை கண்டுபிடிக்கப்பட்டதிலேயே மிக விஸ்தாரமான குப்பைக்கூடை என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். உள்ளே இருந்தவரே சொன்னது.

1948 டிசம்பர் 10, பாரிஸ். உலக மனித உரிமைப் பிரகடனம் 48 நாடுகளின் ஆதரவோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. சோவியத் அணி, சவுதி அரேபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்ததை மாற்றி, பெண்களையும் உள்ளடக்கும்படி செய்தவர் இந்தியப் பிரதிநிதியான நம் ஹன்சா மேத்தா. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்துவிடுகிறது. வராத ஒன்று உண்டு. அன்று நிறைவேறிய 217-ஆம் எண் தீர்மானத்துக்குப் பல பகுதிகள். முதல் பகுதிதான் பிரகடனம். இரண்டாவது பகுதி, ஐநாவுக்கு மனுப் போடும் உரிமை பற்றியது. அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம், மேலும் ஆராயலாம் என்று ஒத்திவைத்தார்கள். முப்பது பிரிவுகளில் உரிமைகளை அள்ளிக் கொடுத்த அதே ராத்திரியில், அவை பறிபோனால் வந்து சொல்லும் உரிமையைத் தள்ளிவைத்தார்கள்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா தனக்கென்று ஒரு நீதிமன்றத்தை 1959-இல் அமைத்துக்கொண்டது. இன்று அங்குள்ள ஒருவர் சொந்த அரசின் மீது நேராக வழக்குப் போடலாம். அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அதுபோல் ஒன்று உண்டு. ஆசியாவுக்கு இன்றுவரை கிடையாது. ஐநாவில், புதிதாக விடுதலையான ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் நிறவெறிக்கு எதிராகக் கொடுத்த நெருக்கடியால் 1967-இலும் 1970-இலும் கதவு கொஞ்சம் திறந்தது. 1970-இல் வந்த முறையோ முழு ரகசியம். மனுப்போட்டவருக்குக் கடிதம் கிடைத்தது என்று தகவல் வரும். மனு என்ன ஆனதென்று வராது. படிக்கும்போது எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம்தான் வந்தது. 1966-இல் குடிமை உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை, பொருளாதார உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை என்று இரண்டு தயாராயின. தனி ஆட்கள் புகார் செய்யும் ஏற்பாட்டைத் தனியே பிரித்து, விருப்பப்பட்ட நாடுகள் மட்டும் சேரும் நெறிமுறையாக வைத்தார்கள். 1979-இல் இந்தியா இரண்டு உடன்படிக்கைகளிலும் சேர்ந்தது. நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை. அதாவது வாக்குறுதி உண்டு, மனு வாங்குகிற இடம் இல்லை.

அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரம் நோக்கிப் போனால் வாச்சாத்தி வரும். மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு அரசு ஆட்கள் ஊருக்குள் இறங்கினார்கள். அகப்பட்டவர்களை ஆலமரத்தடியில் சேர்த்து வைத்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள், குடிக்கிற தண்ணீரையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூறு பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள்.

இப்போது, அந்தப் பெண்கள் மனுவை யாரிடம் கொடுப்பது? பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர். வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. ஒரு கிராமத்து ஆளுக்குத் தெரிந்த அரசாங்கம் என்பதே ரேஞ்சர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்ற இந்த மூன்றும்தான். மூன்றும் அன்றைக்கு ஊருக்குள் வந்திருந்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே அரசுத் தரப்பு முதலில் சொன்னது.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து மக்களிடம் பேசி, நடந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார். மாநில அரசின் ஆள் இல்லாத ஒருவர் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் ஹைகோர்ட்டுக்கு வந்து, 1995-இல் விசாரணை சிபிஐ கைக்கு மாறியது. எனக்குக் கேட்டால், வாச்சாத்தி வழக்கின் திருப்பம் 2011-இல் தீர்ப்பு வந்த நாள் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட துறையின் கையிலிருந்து ஃபைல் பிடுங்கப்பட்ட 1995-தான்.

சரி, நம் நாட்டு மனித உரிமை ஆணையம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1993 ஜூனில் வியன்னாவில் உலக மனித உரிமை மாநாடு நடந்தது. காஷ்மீர், பஞ்சாப் பற்றி வெளிநாடுகளில் இந்தியாவைத் துளைத்துக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் கடைசியில் அவசரச் சட்டம், அக்டோபர் 12-இல் தேசிய மனித உரிமை ஆணையம் உதயம். சட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த இரண்டு ஐநா உடன்படிக்கைகளும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. படிக்க நன்றாகவே இருக்கிறது. 36-ஆம் பிரிவுக்கு வாருங்கள். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது. வாச்சாத்தி நடந்தது 1992 ஜூன். ஆணையம் பிறக்கும்போதே அந்த ஊருக்குக் கெடு முடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது.

வழக்கு இங்கே ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில், தான்சானியாவின் அருஷாவில் ருவாண்டா இனப்படுகொலைக்கான சர்வதேச நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. தாபா என்ற பகுதியின் மேயராக இருந்த அகாயெசு மீதான குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை முதலில் இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான், 1997-இல், சேர்த்தார்கள். 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி வந்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவி ஆகலாம் என்று முதன்முறையாகச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள். 1946-இல் இந்தியா யாருக்காக ஐநாவில் மனுப் போட்டதோ, அவர்களில் ஒருவர். அப்போது அவர் சின்னக் குழந்தை. பிறகு 2008-லிருந்து ஆறு வருடம் ஐநாவின் மனித உரிமை ஆணையராகவே இருந்தார்.

2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி மாவட்ட அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள். பாலியல் குற்றத்துக்காக மட்டும் 17 பேர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023-இல் நேரிலேயே வாச்சாத்திக்கு வந்து இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அதே வருடம் செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். ஜெனிவாவும் நியூயார்க்கும் இதில் எங்கும் வரவில்லை.

அதற்காக மனித உரிமை ஆணையத்தால் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப்படை காட்டோர கிராமங்களில் நடத்திய சித்திரவதைகளை விசாரிக்க, 1999-இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது அந்த ஆணையம்தான். 2004 அக்டோபரில் வீரப்பன் பாப்பாரப்பட்டிப் பக்கம் சுடப்பட்டபோது உலகமே இந்த மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. 2007-இல், 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுங்கள் என்று ஆணையம் சொன்னபோது அவ்வளவு பேர் பார்க்கவில்லை. பணம் கொஞ்சமாவது வந்தது. தண்டனை வரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய மசோதாவும் மேலே நகராமல் காலாவதியாகிவிட்டது. ஆணையத்தில் புகார்களைப் புலன்விசாரணை செய்யும் பிரிவில் இருப்பவர்களும் பெரும்பாலும் போலீஸ் துறையிலிருந்து போனவர்களே. தேசிய ஆணையங்களுக்குத் தரம் போடும் உலகக் கூட்டமைப்பு 2023-இல் இந்திய ஆணையத்தின் மறு அங்கீகாரத்தைத் தள்ளிவைத்தபோது சுட்டிக்காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

இனவெறிக்கு எதிரான ஐநா மாநாடு 2001-இல் நடந்த ஊரும் டர்பன். இந்தியாவிலிருந்து போன தலித் அமைப்புகள் சாதியையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று கேட்டன. இது எங்கள் உள்நாட்டு விஷயம், இதற்கு இது இடமில்லை என்றது நம் அரசு. ஸ்மட்ஸ் சொன்னது நினைவிருக்கும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறு வீடுகளுக்கு மேல் சூறையாடி எரித்தபோது, தருமபுரி டவுனிலிருந்து அது கூப்பிடு தூரம். டர்பனில் வேறு முடிவு எடுத்திருந்தால் அந்த வீடுகள் எரிந்திருக்காது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்த மக்கள் மனுவை எடுத்துக்கொண்டு போக இன்னும் ஒரு கதவு இருந்திருக்கும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது நிஜமாகவே மனுப் போட வேண்டியிருந்தால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் எதுவும் கிடையாது. சம்பவத் தேதியை முதல் வரியிலேயே போடுங்கள். அந்த ஒரு வருடக் கெடு இன்னும் இருக்கிறது, 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோதும் அதைத் தொடவில்லை. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு, அதாவது மனித உரிமை நிலவரத்தைக் கவனிக்க ஐநா நியமிக்கும் நிபுணர்களுக்கு, யார் வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளூர்க் கோர்ட்டெல்லாம் முடிந்த பிறகுதான் வரவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவார்கள், அதற்கு மேல் அதிகாரம் இல்லை. அப்புறம், ஒரே மனுவை முதல்வர் தனிப்பிரிவில் தொடங்கிப் பத்து விலாசத்துக்கு ஒரே நாளில் தபாலில் அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையில் இருக்கும் மாநில ஆணையத்தில் அந்த விஷயம் நிலுவையில் இருந்தால், டெல்லி ஆணையம் அதை எடுக்க முடியாது என்று அதே 36-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் மேலேயே புகார் என்றால், எந்தக் கவரை முதலில் தபாலில் சேர்ப்பது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.